மணிக்கூட்டின் முதுகில் எழுதிய வரலாறு

சென்ற ஆடி மாதத்தில் ஒருநாள் நம் கைமணிக்கூடு நின்றுவிட்டது. அது நம் பாட்டனார் தலைமையாசிரியர் பதவி பெற்ற 1958ஆம் ஆண்டில் வாங்கி, நாற்பது ஆண்டு கையிலே கட்டி, பின்னர் நம்மிடம் விட்டுச்சென்ற சுவிற்சர்லாந்து தேசத்து மணிக்கூடு. நாள்தோறும் காலையில் முறுக்கிவிட வேண்டும். கைத்தொலைபேசியிலே நேரம் பார்க்கும் நம் மாணவர்கள் இதனைக் கண்டு தமக்குள்ளே நகைப்பதை நாம் அறியாமலில்லை. ஆயினும் 1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30ஆந் தேதி இரவில், யாழ்ப்பாணம் முழுவதும் நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழையிலே நடந்தபோது, நம் அன்னையார் மடியிலே முடிந்து கொண்டுவந்த பொருள்கள் இரண்டே: ஒன்று வளவு உறுதி, மற்றது இம்மணிக்கூடு. அதனை மேசை இழுப்பறையிலே தூங்கவிட நமக்கு மனம் வரவில்லை.

நகரத்துக் கடைத்தெருவொன்றிலே, புடைவைக் கடை வாசலை அடுத்து, ஒரு கண்ணாடிப் பெட்டியும் ஒரு முக்காலியும் ஒரு மின்விளக்குமே தொழிற்சாலையாகக் கொண்டு இருக்கின்றார் ஒரு பெரியவர். வயது எழுபத்தைந்துக்கு மேல். மணிக்கூட்டை வாங்கிக் காதோடு வைத்துப் பார்த்தார். பின் மூடியைத் திறந்தார். வலக் கண்ணிலே உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு நோக்கியவர், இயந்திரத்தைப் பாராது கழற்றிய மூடியின் உட்புறத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நம்மை அழைத்தார்.

“மாஸ்ரர், இஞ்சை பாருங்கோ. இதிலை நாலு கீறல் கிடக்கு. மூண்டு பேரின்ரை கை.”

கண்ணாடியை வாங்கிப் பார்த்தோம். வெறுங் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய கீறல்களாக, ஊசிமுனையால் எழுதிய எண்கள் தெரிந்தன. மேலே 63, அதனருகே 8, ஓர் எழுத்து. அதன்கீழ் 71. அதன்கீழ் 84. ஓரத்திலே 2003.

“மேலை கிடக்கிறது எங்கடை அப்பு கீறினது. 63ஆம் ஆண்டு, எட்டாம் மாதம். 71 அவரிட்டைப் பழகின பெடியன். மற்ற ரண்டும் நான்தான்.”

நாம் வரலாறு கற்பிக்கின்றவர். கல்வெட்டென்றும் செப்பேடென்றும் ஓலையென்றும் இருபது ஆண்டாக வகுப்பிலே பேசி வருகின்றோம். நம் மணிக்கட்டிலேயே ஒரு பதிவேடு இத்தனை காலம் கிடந்ததை நாம் அறிந்திலம்.

மணிக்கூடு திருத்துவோர் தாம் திறந்த மணிக்கூட்டின் மூடியிலே தேதியும் அடையாள எழுத்தும் கீறிவைப்பது உலகமெங்கும் உள்ள வழக்கம். மீண்டும் அம்மணிக்கூடு வருமாயின், முன்னர் எப்போது எண்ணெய் இட்டது, யார் தொட்டது என அறிதற்கு அது உதவும். வாங்கியவருக்கு அது தெரியவேண்டியதில்லை. தொழிலாளி தொழிலாளிக்கு எழுதும் கடிதம் அது.

அன்றுமுதல் நம் மனத்திலே ஒரு வினா குடிகொண்டது. இப்பெரியவரின் தந்தையார் யாரிடம் தொழில் பயின்றார்? அவருடைய தந்தையார் என்ன தொழில் செய்தார்? ஒரு கைத்தொழிற் குடும்பத்தின் வழிமுறையைக் கடதாசியிலே தேடிக் காணல் கூடுமா?

அவ்வினாவை வகுப்பிலே எழுப்பியபோது ஒரு மாணவி கேட்டாள்: “சேர், எங்கடை மணிக்கூட்டுக் கோபுரத்திலை இருக்கிறதைச் செய்தவை ஆர்?” நல்ல கேள்வி. அதிலிருந்தே தொடங்கினோம்.

யாழ்ப்பாண நகரில் பொது நூலகத்துக்கு அண்மையில் நிற்கும் மணிக்கூட்டுக் கோபுரம், வேல்ஸ் இளவரசர் அல்பேட் எட்வேட் 1875ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தமையின் நினைவாகப் பொதுமக்கள் பணத்திலே எழுந்தது. திட்டம் வகுத்தவர் ஸ்மிதர் என்பார். கொழும்பு நூதனசாலையை அமைத்த அரசாங்கக் கட்டடக் கலைஞர் அவரே. மணிக்கூட்டை அன்பளிப்பாக ஈந்தவர் தேசாதிபதி சேர் ஜேம்ஸ் லோங்டன். கோபுரம் நிறைவெய்தியது 1882ஆம் ஆண்டில். மணிக்கூடு வந்தது இலண்டன் மாநகரிலே, திரபால்கர் சதுக்கத்தை அடுத்த காக்ஸ்பர் வீதியிலுள்ள டென்ட் என்பாரின் கடையிலிருந்து.

இந்த டென்ட் குடும்பத்தைத் தேடிச் சென்றால், கடதாசி என்னென்ன பேசும் என்பது விளங்கும்.

குடும்பத் தொழிலை நிறுவிய எட்வேட் ஜோன் டென்ட் 1790ஆம் ஆண்டிலே பிறந்தவர். பாட்டனார் கொழுப்புத் திரி செய்து விற்பவர். பதினான்கு வயதில், 1804ஆம் ஆண்டு, பேரனைத் தம்மிடமே தொழில் பயிலும் சிறுவனாகப் பத்திரம் எழுதிச் சேர்த்துக்கொண்டார். பையன் தங்கியிருந்ததோ உறவினரான றிப்பன் என்பவரின் வீட்டிலே. அவர் மணிக்கூட்டு உறுப்புகள் செய்பவர். பகலெல்லாம் கொழுப்பு உருக்க வேண்டியவன் கண் மணிக்கூட்டின்மேற் சென்றது. 1807ஆம் ஆண்டிலே, எஞ்சிய பயிற்சிக் காலத்தை கோடன் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளியிடம் மாற்றிக் கொடுக்கப் பாட்டனார் இசைந்தார். அந்த மாற்றமும் பத்திரத்திலே உண்டு. அக்கிழவர் அன்று இசையாதிருப்பின் இலண்டனுக்கு இன்னொரு திரி வியாபாரி கிடைத்திருப்பார், அவ்வளவே.

1829ஆம் ஆண்டு கிறீனிச்சு வானாய்வுக் கூடத்திலே கப்பல் மணிக்கூடுகளைச் சோதித்தபோது முதற்பரிசு பெற்றது டென்ட் செய்த மணிக்கூடு. 1830 தொடக்கம் 1840 வரை ஜோன் றோஜர் ஆணல்ட் என்பவரோடு கூட்டாகத் தொழில் நடத்தினார். அந்த ஆணல்டின் கதையும் சுவையானது. அவருடைய தந்தையார் ஜோன் ஆணல்ட் இலண்டனிற் பெயர் பெற்றவர். பாரிசிலே அவருக்கு ஒப்பான பிறெகே என்பவர் வாழ்ந்தார். போட்டியாளராய் இருந்திருக்கவேண்டிய இருவரும் நண்பராயினர். ஆணல்ட் தம் மகனைப் பிறெகேயிடம் பயில அனுப்பினார். பிறெகே தம் மகனை ஆணல்டிடம் அனுப்பினார். தொழில் மறை பிறர்க்குச் செல்லலாகாது என்று சொந்த மருமகனுக்கும் பதம் சொல்லிக்கொடாத நம்மூர்ச் சில கைகாரர்களை நாம் இவ்விடத்தில் நினைத்துக்கொண்டோம்.

டென்ட் 1843ஆம் ஆண்டிலே விதவையான றிப்பன் அம்மையாரை மணந்தார். அம்மையாரின் மைந்தர் இருவரும் டென்ட் என்னும் குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டனர். வெஸ்ற்மின்ஸ்ரர் மாளிகைக்குப் பெரிய மணிக்கூடு செய்யும் பொறுப்பு டென்டுக்குக் கிடைத்தது. ஆனால் 1853ஆம் ஆண்டு அவர் காலமானார். ‘பிக் பென்’ என்னும் மணியோடு உலகெல்லாம் அறிந்த அம்மணிக்கூட்டை 1854ஆம் ஆண்டிலே செய்து முடித்தவர் வளர்ப்பு மகனாகிய பிறெடறிக். கோபுரத்திலே அது ஓடத் தொடங்கியது 1859இல். அதன் ஊசல் ஒருபுறம் செல்ல 2 விநாடி எடுக்கும்; ஊசலின் மேலே ஒரு பழைய பென்னி நாணயத்தை வைத்தால் நாளொன்றுக்கு 2/5 விநாடி விரைந்து ஓடும். இன்றும் நாணயம் வைத்தும் எடுத்துமே நேரத்தைத் திருத்துகின்றனர். மாணவர்கள் இதைக் கேட்டு வியந்தனர். அத்தனை பெரிய இயந்திரத்துக்குச் செம்புக் காசு மருந்து!

காக்ஸ்பர் வீதிக் கடை மற்றொரு வளர்ப்பு மகனாகிய றிச்சேட்டின் பங்காயிற்று. அவரும் நீண்ட நாள் வாழவில்லை. அதன்பின் அக்கடையை எம். எவ். டென்ட் என்னும் பெயரிலே நடத்தியவர் அவருடைய விதவை மனைவியார். பத்திரங்கள் இல்லையேல் அந்த இரண்டு எழுத்துக்களுக்குப் பின்னே ஒரு பெண்மணி இருந்ததை எவர் அறிவார்?

ஒரு திரி வியாபாரியின் பேரனுடைய பயிற்சிப் பத்திரம் முதல் நம் நகரத்துக் கோபுரம் வரை, இழை அறாமல் தொடர்ந்து வர முடிகின்றது. இது எவ்வாறு கூடிற்று?

இலண்டனிலே மணிக்கூட்டுக் கம்மியர் சங்கம் முதலாம் சாள்ஸ் மன்னரின் பட்டயத்தால் 1631ஆம் ஆண்டில் அமைந்தது. அதற்கு முன்னர் மணிக்கூடு செய்வோர் பலர் கொல்லர் சங்கத்திலேயே இருந்தனர். சங்கத்திலே பயிற்சி பொதுவாக ஏழாண்டு. பையனின் பெயர், ஆசிரியரின் பெயர், சேர்ந்த நாள் யாவும் பதிவேட்டில் ஏறின. பெண்பிள்ளைகளும் சேர்க்கப்பட்டனர் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டுப் பதிவுகள் காட்டுகின்றன. பயிலும் காலத்திலே மணம் புரியலாகாது, சூதாடலாகாது, மதுக்கடைக்குச் செல்லலாகாது என்றெல்லாம் உடன்படிக்கையிலே விதி இருந்தது. ஒரே தோலிலே இருமுறை எழுதி, நடுவே பற்பற்களாக வெட்டி, ஆளுக்கொரு துண்டாக வைத்துக்கொள்வர். வழக்கு நேரின் பல்லோடு பல் பொருந்த வேண்டும்.

1631 முதல் 1931 வரையுள்ள முந்நூறு ஆண்டுப் பெயர்ப்பட்டியலை அச்சங்கம் சார்ந்த அற்கின்ஸ் என்பவர் நூலாகவே வெளியிட்டார். அதிலிருந்து குடும்பங்களைக் கோத்தெடுக்கலாம். தோமஸ் தொம்பியன் பெட்போட்சயர்ப் பகுதியிலே ஒரு கொல்லனுக்குப் பிறந்தவர். 1671ஆம் ஆண்டிலே சங்கத்திற் சேர்ந்தார். ஆங்கில மணிக்கூட்டுத் தொழிலின் தந்தை எனப் பெயர் பெற்றார். ஜோர்ஜ் கிறகம் 1688ஆம் ஆண்டில் வேறொருவரிடம் பயிலச் சேர்ந்தவர். பின்னர் தொம்பியனிடம் வந்து, 1704ஆம் ஆண்டிலே அவருடைய உடன்பிறந்தார் மகளை மணந்தார். தொழிலும் உறவும் இவ்வாறு பின்னிக்கொள்வது நம்மூர்க்கு மட்டும் உரியதன்று. இருவரும் வெஸ்ற்மின்ஸ்ரர் ஆலயத்திலே ஒரே குழியில் அடக்கம் செய்யப்பெற்றனர். கிறகமிடம் 1730ஆம் ஆண்டிலே பயிலச் சேர்ந்தவன் தோமஸ் மட்ஜ். பாடசாலை ஆசிரியர் ஒருவரின் மகன். சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாக விடுவிக்கும் நெம்புகோற் பொறியைக் கண்டவன் அவனே. நம் பாட்டனாரின் மணிக்கூட்டுக்குள்ளே மணிக்கு 18,000 தரம், நாளொன்றுக்கு 4,32,000 தரம் ‘டிக்’ என ஒலிப்பது அந்த வாத்தியார் மகன் கண்ட பொறியின் வழிவந்ததே.

சங்கப் பதிவைவிடப் பரந்த பதிவொன்றும் உண்டு. அது பிறந்தது கல்விமேற் கொண்ட அன்பினாலன்று, வரியினால். 1710ஆம் ஆண்டிலிருந்து பயிற்சிப் பணத்தின்மேல் பிரித்தானிய அரசாங்கம் முத்திரை வரி விதித்தது. 50 பவுண் வரை பவுணுக்கு 6 பென்ஸ். அதற்கு மேற்படின் பவுணுக்கு ஒரு சிலிங். 1811ஆம் ஆண்டு வரையுள்ள அவ்வரிப் புத்தகங்கள் இலண்டனிலே தேசிய சுவடிக்கூடத்தில் இருக்கின்றன. தொடக்க காலப் பதிவுகளிலே பையனின் தந்தை பெயரும் ஊரும் தொழிலுங் கூட வரும்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். தந்தை தன் மகனுக்குத் தானே கற்பித்தால் பணம் கைமாறுவதில்லை. பணம் இல்லையேல் வரி இல்லை. வரி இல்லையேல் பதிவும் இல்லை. எனவே தலைமுறை தலைமுறையாக வீட்டிலேயே பயின்ற குடும்பங்கள் அப்புத்தகங்களிலே மறைந்துவிடுகின்றன. இந்த ஒரு குறிப்பே நமக்கு யாழ்ப்பாணத்தைத் திறந்துகாட்டியது.

ஏனெனில் நம் கம்மியர் குடும்பங்களிலே கல்வி முழுவதும் வீட்டிலேயே நிகழ்ந்தது. ஏழு வயதிலே உலை ஊதத் தொடங்கிய பிள்ளை பன்னிரண்டிலே கம்பி இழுப்பான், பதினாறிலே பற்றவைப்பான். எவரும் எவரோடும் பத்திரம் எழுதவில்லை. விசயதசமி நாளிலே கருவிகளைப் பூசையில் வைத்துக் குருவுக்குத் தட்சிணை கொடுத்ததே உடன்படிக்கை.

அப்படியாயின் நம்மிடம் பதிவே இல்லையா? உண்டு. ஆனால் வேறு வேறு பெட்டிகளிலே சிதறிக் கிடக்கின்றது.

முதற் பெட்டி ஊர்ப்பெயர். காங்கேசன்துறை வீதியிலே நாள்தோறும் பேருந்தில் ஏறி இறங்கும் தட்டாதெருச் சந்தி, பொன் தட்டுவோர் வாழ்ந்த தெருவின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. நகரிலே நகைக்கடைகள் நிறைந்த கஸ்தூரியார் வீதிக்கு அண்மையிலுள்ள கன்னாதிட்டி, பித்தளைத் தொழில் செய்த கன்னாரை நினைப்பூட்டுகின்றது. தெல்லிப்பழைப் பக்கத்திலே கொல்லங்கலட்டி இருக்கின்றது. இவற்றை எந்தத் தீயும் எரிக்கவில்லை.

இரண்டாவது பெட்டி ஒல்லாந்தருடையது. 1658ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் கணக்கெழுதுவதிலே வல்லவர். காணிகளைத் தோம்பு என்னும் இடாப்பிலே ஏற்றினர். மக்களைச் சாதிவாரியாக எண்ணித் தலைவரியும் ஊழியமும் வாங்கினர். தட்டாரும் தச்சரும் கொல்லரும் கன்னாரும் அப்பட்டியல்களில் உளர். எழுதியவர்க்கு அவர்தம் கைத்திறன் பொருட்டன்று. எத்தனை தலை, எத்தனை வரி என்பதே பொருட்டு. இலண்டனிலும் வரியே எழுதுவித்தது, இங்கும் வரியே எழுதுவித்தது. ஆயினும் அங்கே வரி தொழில் பயிற்றியதற்கு. இங்கே வரி பிறந்ததற்கு. அந்த வேறுபாட்டை மாணவர்க்கு விளக்கியபோது வகுப்பு சிறிது நேரம் அமைதியாய் இருந்தது.

1707ஆம் ஆண்டிலே கிளாஸ் ஐசாக்சு என்னும் ஒல்லாந்த அதிகாரி தொகுத்த தேசவழமைச் சட்டம் இன்றும் நம் குடும்பச் சொத்துக்களை ஆள்கின்றது. அதன் பயனாக ஒன்று நிகழ்ந்தது: சீதனம், முதுசம், தேடியதேட்டம் என எல்லாவற்றையும் எழுதிவைக்கும் பழக்கம் யாழ்ப்பாணத்து வீடுகளிலே வேரூன்றியது. நொத்தாரிசு எழுதிய சீதன உறுதி இல்லாத பெட்டகம் நம் நாட்டிலே அரிது. காணியின் பெயர், நான்கெல்லை, எல்லைக்கு அப்பால் இருப்பவரின் பெயர், நகையின் நிறை ஆகியன அதில் வரும். வாசகர்கள் தம் வீட்டு உறுதியை எடுத்து எல்லைகளை வாசித்துப் பார்க்கட்டும். கிழக்கெல்லையிலே இருந்த அயலவரின் பட்டறை அங்கே கிடக்கலாம்.

மூன்றாவது பெட்டி பிறப்புப் பதிவு. இலங்கையிலே பிறப்பு இறப்புகளை அரசாங்கம் முறையாகப் பதியத் தொடங்கியது 1867ஆம் ஆண்டுச் சட்டத்தினால். அப்பத்திரத்திலே தந்தையின் பெயருக்குக் கீழே ‘தொழில் அல்லது நிலை’ என ஒரு கட்டம் உண்டு. நம் காலத்தில் அதனை எவரும் ஊன்றி வாசிப்பதில்லை. அந்தச் சிறு கட்டமே நம் தேடலுக்குத் திறவுகோலாயிற்று.

மாணவர் மூவர், இரு பெண்பிள்ளைகளும் ஒரு பையனும், பெரியவரின் இசைவோடு அவர் வீட்டுக்குச் சென்றனர். தகரப் பெட்டியொன்றிலே பழைய பத்திரங்கள் இருந்தன. இடப்பெயர்வின்போது நனைந்து ஒட்டிக்கொண்டவை சில. அவற்றைப் பிரிக்க முயலவேண்டாம் எனச் சொல்லியனுப்பியிருந்தோம். பெரியவரின் மூத்த தமையனார் 1931ஆம் ஆண்டிலே பிறந்தவர். அவர் பத்திரத்திலே தந்தையின் தொழில் ‘பொற்கொல்லர்’. அடுத்தவர் பிறந்தது 1938இல். அதிலே ‘மணிக்கூடு திருத்துபவர்’.

இரு பிள்ளைகளின் பிறப்புக்கு இடைப்பட்ட அந்த ஏழாண்டிலே ஒரு குடும்பம் தொழில் மாறியிருக்கின்றது! மாணவி ஓடிவந்து இதைச் சொன்னபோது அவள் குரலிலே இருந்த மகிழ்ச்சியை, பரீட்சையிலே அதிவிசேட சித்தி பெற்ற பிள்ளைகளிடத்தும் நாம் கண்டதில்லை.

ஏன் மாறினார்? பெரியவர் சொன்ன விடை எளியது. தந்தையாருடைய தந்தை பொன்வேலை செய்தவர். அக்காலத்திலே கச்சேரியிலும் கல்லூரியிலும் புகையிரதப் பகுதியிலும் வேலை பார்த்தோர் சங்கிலி கோத்த சட்டைப்பை மணிக்கூட்டை வைத்திருந்தனர். வளையம் அறுந்தால் பொற்கொல்லரிடமே கொண்டுவருவர். வளையத்தை ஒட்டியவருக்கு உள்ளே என்ன இருக்கின்றதென்று பார்க்கும் ஆசை பிறந்தது. இடுக்கி, நுண்ணிய அரம், ஊதுகுழல் எல்லாம் கையிலே இருந்தன. எண்ணெய் மாத்திரமே புதிது. கொழும்பிலே சிலகாலம் ஒரு கடையில் இருந்து பயின்று திரும்பினாராம். கொழுப்புத் திரிக் கடையிலிருந்து மணிக்கூட்டுக்கு மாறிய டென்டை நினைத்துக்கொண்டோம். அவர் மாறிய ஆண்டைப் பத்திரம் சொல்கின்றது. இவர் மாறிய காலத்தைப் பிள்ளைகளின் பிறப்புச் சொல்கின்றது.

தொழில் இறங்கிய காலத்தை அறியப் பத்திரம் வேண்டியதில்லை. 1969ஆம் ஆண்டு மார்கழி மாதத்திலே யப்பானில் செய்க்கோ நிறுவனத்தார் படிகக் கல்லின் அதிர்வினால் ஓடும் கைமணிக்கூட்டை விற்பனைக்கு விட்டனர். பின்வந்த ஆண்டுகளிலே அவ்வினம் மலிந்து உலகெங்கும் பரந்தது. பழுதானால் எறிந்துவிட்டுப் புதிதாக வாங்கலாம். அதன்பின் யுத்தம். மின்சாரம் இல்லாத ஆண்டுகளிலே, பாட்டறி கிடையாத ஆண்டுகளிலே, முறுக்கி ஓடும் பழைய மணிக்கூடுகளுக்குச் சிறிது காலம் மீண்டும் மதிப்பு வந்ததாம். “அந்த நேரம் எனக்கு நல்ல வேலை மாஸ்ரர்” என்று பெரியவர் சிரித்தார். அச்சிரிப்பை எவ்வாறு எடுத்துக்கொள்வதென நமக்குத் தெரியவில்லை.

பத்திரங்களின் கதை அவ்வாறு சிரிப்பதற்குரியதன்று. 1981ஆம் ஆண்டு, மே மாதம் முடிந்து யூன் பிறந்த இரவில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. பிந்திய ஆண்டுகளிலே பழைய கச்சேரிக் கட்டடம் சிதைந்தது. கோட்டைக்குள்ளே ஒல்லாந்தர் கட்டிய தேவாலயம் தரைமட்டமாயிற்று. மணிக்கூட்டுக் கோபுரமும் குண்டுபட்டு நின்றது. 2002ஆம் ஆண்டிலே பிரித்தானியாவின் உதவியோடு திருத்தப்பெற்று மீண்டும் மணி காட்டத் தொடங்கியது. கோபுரத்தைத் திருத்திவிடலாம். தீயிலே போன ஏட்டை எவ்வாறு திருத்துவது?

எனினும் மீட்டவர்களும் இருக்கின்றனர். 2005ஆம் ஆண்டிலே தொடங்கிய ‘நூலகம்’ என்னும் முயற்சி, ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மலர்களையும் படியெடுத்து யாவரும் வாசிக்க வைத்திருக்கின்றது. கோயிற் கும்பாபிடேக மலர்களும் கல்லூரி மலர்களும் அவற்றுள் அடங்கும். அவற்றின் உரையை வாசிப்போர் உளர். பின்பக்கத்து விளம்பரத்தை வாசிப்போர் இலர். நாம் வாசித்தோம். மணிக்கூடு விற்பவர், திருத்துபவர், மூக்குக்கண்ணாடியும் மணிக்கூடும் சேர்த்து வைத்திருப்பவர் என ஆண்டுக்காண்டு பெயர்கள் வருகின்றன, மறைகின்றன. கைத்தொழில் வரலாற்றை எழுத விரும்பும் மாணவர் முன்பக்கத்தை விட்டுப் பின்பக்கத்திலே தொடங்குவது நன்று. அறிஞர் சிலர் இதைக் கேட்டு முகஞ் சுளிப்பர், சுளிக்கட்டும்.

ஒரு குறையை நாம் மறைக்கலாகாது. இத்தனை பெட்டிகளிலும் ஆண்களின் பெயரே வந்தது. பெரியவரின் அன்னையார் நாற்பது ஆண்டு காலம் கணவரின் பக்கத்திலே இருந்து, கழற்றிய நுண்ணுறுப்புக்களை மண்ணெண்ணெயிலே கழுவி, மென்மயிரால் துடைத்து, வெள்ளைத் துணியிலே வரிசை தவறாது வைத்துக் கொடுத்தவர். வரிசை தவறினால் மணிக்கூடு மீண்டும் கூடாது. அவருடைய இறப்புப் பத்திரத்திலே தொழில் என்னும் கட்டத்தில் ஒரு சிறு கோடு மட்டும் கிழித்திருக்கின்றது. எம். எவ். டென்ட் என்னும் இரண்டு எழுத்தளவுகூட அவருக்குக் கிடைக்கவில்லை. மாணவிகள் இருவரும் தம் கொப்பியிலே அந்தக் கோட்டை அப்படியே வரைந்து, அதன் பக்கத்திலே அவர் செய்த வேலையை எழுதினர். நாம் சொல்லிக் கொடுத்ததன்று.

கடைசியாகப் பெரியவரிடம் அவர் தொழில் பழக்கியவர்களின் பெயரைக் கேட்டனர். அவருடைய மைந்தர் கனடாவிலே வேறு வேலை பார்க்கின்றார். பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் பேசவரும், எழுதவராது. பிறர் பிள்ளைகளாக ஐவர் பழகினர் என்றார். நால்வரின் பெயரைச் சொன்னார்; ஊர், பழகிய ஆண்டு, இப்போது எங்கே என்பனவும் சொன்னார். ஒருவர் வவுனியாவில், ஒருவர் பாரிசில், இருவர் இல்லை. ஐந்தாமவரின் பெயர் நினைவுக்கு வரவில்லை. நெற்றியைத் தடவிக்கொண்டு நெடுநேரம் இருந்தார். மாணவர்கள் ஓர் இலக்கமிட்டு வெற்றிடம் விட்டுத் திரும்பினர்.

நம் மணிக்கூடு ஒரு வாரத்திலே ஆயத்தமாயிற்று. வாங்கச் சென்றபோது மூடியைத் திறந்து காட்டச் சொன்னோம். 2003க்குக் கீழே இவ்வாண்டின் எண்ணும் மாதமும் புதிதாக ஒளிவிட்டன. கீறல் சிறிது நடுங்கியிருந்தது. கூலியாக அவர் கேட்டது மிகச் சிறு தொகை. மேலாகக் கொடுக்க முனைந்தபோது கையை மறித்துவிட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நம் வீட்டுப் படலையிலே சைக்கிள் மணி கேட்டது. பெரியவர் நின்றார். மூன்று கட்டைத் தூரம் மிதித்து வந்திருக்கின்றார். உள்ளே வந்து இருக்கச் சொன்னோம், தேநீர் வேண்டாமென்றார். சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் கடதாசியை எடுத்தார்.

“மாஸ்ரர், அந்த 71ஆம் ஆண்டுக் கீறல் கிடந்ததெல்லே, அப்புவிட்டைப் பழகின பெடியன். அவனுக்குப் பிறகு அவன்ரை தம்பி என்னட்டை வந்தவன். அவன்தான் அஞ்சாவது ஆள். ராத்திரி நித்திரையிலை பேர் வந்தது. மறந்துபோவன் எண்டு உடனை எழும்பி எழுதினனான். பிள்ளையளின்ரை கொப்பியிலை இதையும் எழுதச் சொல்லுங்கோ.”

கடதாசியை நம் கையிலே தந்துவிட்டு, இருட்டுமுன் போகவேண்டுமென்று சைக்கிளைத் திருப்பினார்.